ஜெர்மன் வழிவந்த அமெரிக்க உழவர் குடும்பம்: கான்சாஸ் வயலிலிருந்து கார்ல்ஸ்ப்ரூன் வரை வேர் பிடிப்பது எப்படி?

வேர்க்கொடி (#1)

19ஆம் நூற்றாண்டு அமெரிக்க உழவர் குடும்பம் ஒன்றின் வம்சாவளியைத் தேடும்போது எந்தப் பதிவேட்டை எப்போது எடுப்பது, எது எதை நிரூபிக்கும் என்று பேசத்தான் இந்த இழை. எல்லோரும் சரிபார்க்கக்கூடிய குடும்பமாக ஐசனாவர்களை எடுத்துக்கொள்வோம்.

சங்கிலி இது: ஹான்ஸ் நிக்கோலஸ் ஐசன்ஹவர் இன்றைய சார்லாந்தில் உள்ள கார்ல்ஸ்ப்ரூனிலிருந்து 1741இல் ஃபிலடெல்ஃபியாவில் இறங்குகிறார். அவர் வழியில் வந்த ஜேக்கப் ஃப்ரெடரிக் (1826–1906) பென்சில்வேனியாவின் எலிசபெத்வில்லில் விவசாயி, ரிவர் பிரதரன் என்ற கிறிஸ்தவச் சபையின் போதகர். 1878இல் சபையாரோடு கான்சாஸின் டிக்கின்சன் கவுண்டிக்கு (கவுண்டி நம் மாவட்டம் போன்றது) குடிபெயர்கிறார். மகன் டேவிட் (1863) 1885இல் லெகாம்ப்டனில் ஐடா ஸ்டோவரை மணக்கிறார். அவர்கள் மகன்தான் 1890இல் டெக்சஸின் டெனிசனில் பிறந்த டுவைட், பிற்காலக் குடியரசுத் தலைவர்.

1880 சென்சஸில் கான்சாஸில் இருக்கும் ஜேக்கப்புக்கும் 1741 கப்பலுக்கும் நடுவே ஏறக்குறைய 140 ஆண்டு. இதில் எந்த ஆவணம் எந்தக் கண்ணியைத் தாங்குகிறது? ஞானஸ்நான ஏட்டில் பெயரே இல்லையென்றால் என்ன செய்வது?

ஏடுதேடி (#2)

பின்னிருந்து முன்னே போக வேண்டும், ஒரு தலைமுறையையும் தாண்டக் கூடாது. அதற்கு முதல் கருவி சென்சஸ். ஆனால் எந்த ஆண்டு என்ன கேட்டார்கள் என்று தெரியாமல் அதைப் படித்தால் தவறான முடிவுக்குத்தான் வருவோம்.

1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை. 1850இலிருந்து அடிமைகள் நீங்கலாக வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, பிறந்த மாநிலம் அல்லது நாடு உண்டு. உறவுமுறை கிடையாது. 1850, 60, 70 மூன்றிலும் ‘மகன்’ என்று நாம் எழுதிக்கொள்வதெல்லாம் ஊகமே. அண்ணன் பிள்ளையாக இருக்கலாம், கூலியாளாகவும் இருக்கலாம். உறவுமுறையும் தாய் தந்தையர் பிறந்த இடமும் 1880இல்தான் வருகின்றன. 1900இல் பிறந்த மாதமும் ஆண்டும், மணமாகி எத்தனை ஆண்டு, தாய் பெற்ற பிள்ளைகள் எத்தனை, அதில் உயிரோடிருப்பவர் எத்தனை, குடியேறிய ஆண்டு எல்லாம் உண்டு. குடும்பத்தில் இறந்துபோன குழந்தை ஒன்று இருந்தது என்பது பல நேரம் அந்தப் ‘பெற்றது 8, இருப்பது 6’ வழியாகத்தான் வெளிவரும்.

1890 சென்சஸின் பெரும்பகுதி இன்று இல்லை. 1921 ஜனவரியில் வாஷிங்டன் வணிகத்துறைக் கட்டடத் தீ விபத்தில் பாழானது, மிச்சத்தைப் பின்னர் அழித்துவிட்டார்கள். கான்சாஸ் குடும்பத்துக்கு இந்தப் பள்ளத்தை மாநில சென்சஸ் கொண்டு நிரப்பலாம். 1865 முதல் 1925 வரை பத்தாண்டுக்கு ஒரு முறை, 5இல் முடியும் ஆண்டுகளில் எடுத்தார்கள். 1885 ஏட்டில் ‘எந்த மாநிலத்திலிருந்து கான்சாஸ் வந்தார்’ என்று தனிக் கட்டம் இருக்கிறது. பிறந்த மாநிலமும் வந்த மாநிலமும் வேறாக இருந்தால் நடுவில் ஒரு தங்கல் ஊர் உண்டு என்று பொருள். அங்கேயும் தேட வேண்டும்.

பழங்கணக்கு (#3)

ஞானஸ்நான ஏடு பற்றிய கேள்விக்கு வருகிறேன். ரிவர் பிரதரன், மென்னோனைட், டங்கர் சபைகள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வயது வந்தபின் தானே விரும்பிப் பெறுவதுதான் அவர்கள் கொள்கை. பிறந்த குழந்தையைப் பதியும் ஏடே அங்கே இல்லை என்பதால், ‘ஏட்டில் இல்லை, ஆகவே இந்த ஊரில் பிறக்கவில்லை’ என்று முடிவு கட்டுவது தவறு. முந்தைய தலைமுறைகளுக்கு லூத்தரன், ரிஃபார்ம்ட் என்ற புரோட்டஸ்டன்ட் சபைகளின் ஏடுகளைப் பாருங்கள். பென்சில்வேனியாவில் இரு சபையும் ஒரே கட்டடத்தைப் பகிர்ந்துகொண்ட ‘யூனியன் சர்ச்’ நிறைய. கட்டடம் ஒன்று, ஏடு இரண்டு. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

சபை ஏடு கைவிட்டால் நிலம் பேசும். பென்சில்வேனியாவில் உயிலுக்கு ‘ரெஜிஸ்டர் ஆஃப் வில்ஸ்’, கிரயப் பத்திரத்துக்கு ‘ரெக்கார்டர் ஆஃப் டீட்ஸ்’, உயில் எழுதாமல் இறந்தவரின் பாகப்பிரிவினைக்கு ‘ஆர்ஃபன்ஸ் கோர்ட்’. இந்த மூன்றாவதைத்தான் பலர் தவற விடுகிறார்கள். பெயரைப் பார்த்து அனாதைகளுக்கானது என்று நினைத்துவிடுகிறார்கள். தாய் உயிரோடிருந்தாலும் தந்தை இறந்தால் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பாளரை இங்கேதான் நியமித்தார்கள். 14 தாண்டிய பிள்ளை தன் காப்பாளரைத் தானே தேர்ந்தெடுக்கலாம். ஆகவே ‘நீதிமன்றம் நியமித்தது’ என்றால் 14க்குக் கீழ், ‘இவர் வேண்டிக்கொண்டார்’ என்றால் மேல். பிறந்த ஆண்டே தெரியாத பிள்ளைக்கு இப்படி ஒரு வயது வரம்பாவது கிடைத்துவிடும். நிலத்தைப் பங்கிட முடியாதபோது எல்லா வாரிசுகளின் பெயரும், மணமான மகள்களின் கணவர் பெயரோடு, மனுவில் வரும். 1794க்கு முந்தைய வழக்கென்றால் இன்னொரு துப்பும் உண்டு: உயிலில்லாச் சொத்தில் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. இரு பங்கு வாங்கியவர் யாரென்று பார்த்தால் மூத்தவர் யாரென்று தெரியும்.

புதுத்தளிர் (#4)

ஐயா, ஒரு சந்தேகம். ஐசன்ஹவர் என்பது ஐசனாவர் ஆனது துறைமுக அதிகாரி மாற்றி எழுதியதால்தானே? குடும்ப மரத் தளங்கள் பலவற்றில் அப்படித்தான் இருக்கிறது. இன்னொன்று, ‘பென்சில்வேனியா டச்சு’ என்று போட்டிருந்தால் ஹாலந்தில் தேட வேண்டுமா?

ஏடுதேடி (#5)

இரண்டுமே பரவலான பிழை, தம்பி. ‘டச்சு’ என்று அங்கே சொல்வது ஜெர்மன் பேசுவோரை. அவர்கள் தங்களை ‘டைட்ச்’ என்பார்கள். ஹாலந்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பெயரைத் துறைமுகத்தில் யாரும் மாற்றவில்லை. 19ஆம் நூற்றாண்டுப் பயணியர் பட்டியலைக் கப்பல் தரப்பினரே தயாரித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கரையில் அதை வைத்துச் சரிபார்த்ததோடு சரி. எழுத்து மாறியது பிறகு, ஊருக்குள். ஆங்கிலம் மட்டும் தெரிந்த வரி வசூலிப்பவர், நில எழுத்தர், பள்ளி ஆசிரியர் ஆகியோர் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே மனிதர் ஒரே ஆண்டில் வரிப்பட்டியலில் ஒரு மாதிரியும் சபை ஏட்டில் வேறு மாதிரியும் இருப்பார். மில்லர் – முல்லர், ஸ்னைடர் – ஷ்னைடர் போன்றவை ஒலிமாற்றம். கார்பென்டர் – சிம்மர்மன், பிளாக் – ஷ்வார்ஸ் போன்றவை பொருள் பெயர்ப்பு. இரண்டாம் வகையை எந்தத் தேடுபொறியும் தானாகக் கண்டுபிடிக்காது.

ஒலி ஒத்த பெயர்களை ஒன்றாகத் தேட உதவும் சவுண்டெக்ஸ் குறியீட்டை நம்புவோர் கவனத்துக்கு: அது முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற மெய்யெழுத்துகளைத்தான் எண்ணாக்கும். ஐசன்ஹவர், ஐசனாவர் இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றே, எண்ணும் 256 என்றே வரும். தப்பித்தோம். ஆனால் ஜெர்மனில் ‘ஜே’யில் தொடங்கும் யேகர், அமெரிக்காவில் ‘ஒய்’யில் தொடங்குகிறார். கோக் ‘கே’யிலிருந்து ‘சி’க்குப் போய் குக் ஆகிறார். ஃபைஃபர் ‘பி’யிலிருந்து ‘எஃப்’புக்கு மாறுகிறார். மூன்றிலும் எண் மாறாது, முதல் எழுத்து மட்டும் மாறும், தேடலில் வரவே வராது. இவர்களை இரு எழுத்திலும் தனித்தனியாகத் தேடியே ஆக வேண்டும்.

பழங்கணக்கு (#6)

அதோடு முன்பெயர். ஒரு வீட்டில் நாலு ‘யோஹான்’ இருந்தால் பிழை என்று நினைக்காதீர்கள். ஞானஸ்நானத்தில் வைக்கும் இரு பெயரில் முன்னது சடங்குப் பெயர், பின்னதுதான் கூப்பிடும் பெயர். யோஹான் நிக்கோலஸை ஊரில் நிக்கோலஸ் என்பார்கள், அமெரிக்கப் பத்திரத்திலும் அதுவே இருக்கும். அதேபோல் ஏட்டில் பெண்ணின் குடும்பப் பெயரோடு ‘இன்’ விகுதி சேரும். முல்லரின் என்றால் முல்லர் வீட்டுப் பெண். அதைத் தனிக் குடும்பப் பெயராக மரத்தில் ஏற்றியிருப்பதைத் தளங்களில் அடிக்கடி பார்க்கலாம்.

கரைகாண் (#7)

1741க்கு முன் போக ஒரு வசதி இருக்கிறது. 1727இலிருந்து ஃபிலடெல்ஃபியாவில் இறங்கிய ஜெர்மானிய ஆண்கள், 16 வயதுக்கு மேற்பட்டோர், பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட வேண்டும். ஒரே கப்பலுக்கு மூன்று பட்டியல் வரை இருக்கலாம்: கப்பல் தலைவர் கொடுத்தது, அரச விசுவாசத்துக்கு ஒன்று, அரியணைக்குப் போட்டி உரிமை கோருவோரை மறுக்கும் உறுதிமொழிக்கு ஒன்று. முதலாவது ஆங்கிலேயர் எழுதியது, அதனால் பெயர் சிதைந்திருக்கும். மற்ற இரண்டிலும் வந்தவரே கையெழுத்திட்டிருப்பார். எழுதத் தெரியாதவர் குறி போட, எழுத்தர் பெயரைச் சேர்த்திருப்பார். கையெழுத்து இருந்தால் அதைப் பின்னாளைய உயிலோடு ஒப்பிடலாம். ஒரே பெயரில் இருவர் இருக்கும்போது இதைவிட உறுதியான சான்று கிடைப்பது அரிது.

பெண்களும் குழந்தைகளும் இந்த உறுதிமொழிப் பட்டியல்களில் கிடையாது. மனைவி கூட வந்தாரா, இங்கே மணந்தாரா என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது.

ஏடுதேடி (#8)

ஒரு செய்தி, நம் வாசகர்களுக்கு நெருக்கமானது. பென்சில்வேனியா லூத்தரன் சபைகளை ஒழுங்குபடுத்திய ஹென்றி மெல்கியோர் மூலன்பெர்க் 1742இல் அங்கே போய்ச் சேர்ந்தார். அனுப்பியது ஹாலே நகரத்து ஃப்ராங்கே நிறுவனம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் ஹாலேயில் பயின்றவர். அங்கே உள்ள ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன, பென்சில்வேனியாப் போதகர்களின் கடிதங்களும் இருக்கின்றன. சபை ஏட்டில் விடுபட்டவர்கள் சில நேரம் இக்கடிதங்களில் தலைகாட்டுவார்கள்.

எல்லைக்கல் (#9)

குடும்பம் நகராமலே கவுண்டி நகரும். இதைச் சொல்லாமல் பென்சில்வேனியா ஆராய்ச்சி முழுமையாகாது. பெத்தெல் டவுன்ஷிப்பை (கவுண்டியின் உட்பிரிவு) எடுங்கள். முதலில் லங்காஸ்டர் கவுண்டி. 1752இல் பெர்க்ஸ் கவுண்டி உருவானபோது ஒரு பகுதி அங்கே போனது. மிச்சம் 1785இல் டாஃபின், 1813இல் லெபனான். ஒரே வயலுக்கு 1780 பத்திரம் லங்காஸ்டரில், 1800 பத்திரம் டாஃபின் கவுண்டியின் தலைமை ஊரான ஹாரிஸ்பர்க்கில், 1820 பத்திரம் லெபனானில் இருக்கும். பழைய ஏடுகளைப் புதுக் கவுண்டிக்குத் தூக்கிக் கொடுப்பதில்லை. ‘லெபனானில் தேடினேன், 1813க்கு முன் ஒன்றுமில்லை’ என்று யாராவது சொன்னால் காரணம் இதுதான்.

ஜெர்மன் பக்கம் இன்னும் மோசம். ஒரே ஆள் 1860 சென்சஸில் ‘ஹானோவர்’, 1870இல் ‘பிரஷ்யா’, 1880இல் ‘ஜெர்மனி’ என்பார். பொய்யில்லை. 1866 போருக்குப்பின் ஹானோவர், ஹெஸ்ஸ-காசல், நசாவ் மூன்றையும் பிரஷ்யா எடுத்துக்கொண்டது, 1871இல் பேரரசு வந்தது. ஆகவே 1860, 1870 ஏடுகள்தான் இங்கே பொன்னானவை. 1870இல் ‘ஜெர்மனி என்று பொதுவாக எழுதாதே, பாடன், பவேரியா, வுர்ட்டம்பெர்க் என்று பிரித்தெழுது’ என்று கணக்கெடுப்பாளருக்கு உத்தரவே இருந்தது. அதிலும் ஒரு பொறி: பவேரியா என்றால் மியூனிக் பக்கம் ஓடாதீர்கள். ரைன் ஆற்றின் மேற்கே உள்ள ஃபால்ஸ் நிலம் 1816 முதல் பவேரிய அரசுக்கு உட்பட்டது. அங்கிருந்து அமெரிக்கா போன உழவர்கள் ஏராளம்.

புதுத்தளிர் (#10)

19ஆம் நூற்றாண்டிலேயே நேராக வந்த குடும்பங்களுக்கு? ஹாம்பர்க் பட்டியல் போதாதா?

கரைகாண் (#11)

ஹாம்பர்க் வழியாகப் போயிருந்தால் நல்வாய்ப்பு. 1850–1934 பட்டியல்கள் பிழைத்திருக்கின்றன, கடைசியாகக் குடியிருந்த ஊர் உண்டு. அது பிறந்த ஊர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நேராக அமெரிக்கா போனோர் ஒரு வரிசை, இங்கிலாந்தின் ஹல், லிவர்பூல் வழியே மாறிப் போனோர் இன்னொரு வரிசை. இரண்டுக்கும் தனி அட்டவணை. பிரெமன் வழியே போனவர்களுக்கு வழியில்லை. அந்தப் பட்டியல்களை இடப்பற்றாக்குறையால் அக்காலத்திலேயே அழித்தார்கள், எஞ்சியவற்றில் பெரும்பகுதியை இரண்டாம் உலகப் போர் கொண்டுபோனது. அமெரிக்கக் கரையில் 1820 முதலான சுங்கப் பட்டியல் உண்டு, ஆனால் பெரும்பாலும் ‘பிரஷ்யா, விவசாயி, வயது 34’ என்பதோடு முடிந்துவிடும். எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் 1892இல்தான் திறந்தது. 1870இல் வந்த தாத்தாவை அங்கே தேடுவது வீண். நியூயார்க்கில் 1855 முதல் 1890 வரை காசில் கார்டன் நிலையம்தான்.

ஊர் பெயர் கிடைக்கும் இடம் கப்பல் அல்ல, அமெரிக்கக் கிராமத்துச் சபை ஏடு. போதகரும் ஜெர்மானியர், எழுதியதும் ஜெர்மனில். திருமணம், அடக்கப் பதிவுகளில் பிறந்த ஊரைக் கேட்டு எழுதியிருப்பார், அதுவும் சரியான எழுத்தில். அடுத்தது ஜெர்மன் மொழிச் செய்தித்தாளின் இரங்கல் குறிப்பு. அங்கே ஒரு சிக்கல்: ஃப்ராக்டூர் என்ற பழைய ஜெர்மன் அச்சில் நீண்ட ‘எஸ்’, ‘எஃப்’ போலவே இருக்கும். கணினி வாசிப்பு ‘ஹவுசே’யை ‘ஹவுஃபே’ என்று படித்துவைக்கும். பெயரில் ‘எஸ்’ இருந்தால் அந்த இடத்தில் ‘எஃப்’ போட்டு மறுபடி தேடுங்கள்.

குடியுரிமைத் தாள் 1906 செப்டம்பருக்கு முன் எந்த நீதிமன்றத்திலும் வாங்கலாம். குடியுரிமை பெறும் நோக்க அறிவிப்பு ஒரு கவுண்டியில், இறுதி மனு சில ஆண்டு கழித்து வேறு மாநிலத்தில் என்று சிதறிக் கிடக்கும். மனைவிக்குத் தனித்தாள் இராது, கணவரோடு சேர்ந்தே வந்துவிடும்.

புலஎண் (#12)

கான்சாஸ் நிலத்துக்கு வருவோம். இங்கே நில அளவையில் டவுன்ஷிப் என்பது 6 மைலுக்கு 6 மைல் சதுரம், அதில் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர், கால்பாகம் 160. எண் வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே 6 வரை போகும். அதன் கீழே 7, அங்கிருந்து கிழக்கே 12, திரும்ப மேற்கே. ஏர் மாடு சால் திரும்புவது போல வளைந்து தென்கிழக்கில் 36இல் முடியும். ஏன் சொல்கிறேன் என்றால், எண்ணைப் பார்த்தாலே எந்த அலுவலகக் கோப்பு என்று பாதி தெரிந்துவிடும். ரயில்பாதையை ஒட்டிய பட்டையில் ஒற்றைப்படை எண் ரயில் நிறுவனத்துக்கு, இரட்டைப்படை அரசுக்கு. 16ம் 36ம் பள்ளிக்கூட நிலம்.

அரசு நிலத்தைக் குடியேறி உழுவோருக்குக் கொடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர், ஐந்தாண்டு குடியிருந்து உழ வேண்டும். ரயில் பட்டைக்குள் 1879 வரை பொதுவாக 80 ஏக்கர்தான். பட்டா மட்டும் இணையத்தில் கிடைக்கும், அதில் ஒன்றுமில்லை. கேட்டு வாங்க வேண்டியது தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள நிலக் கோப்பு. வீட்டின் அளவு, உழுத ஏக்கர், கிணறு, குடும்பத்தில் எத்தனை பேர், இரு சாட்சிகள், வெளிநாட்டார் என்றால் குடியுரிமைத் தாளின் நகல் எல்லாம் அதில் இருக்கும். சாட்சிகள் பெரும்பாலும் அண்டை வயல்காரர்கள். அவர்கள் பழைய ஊரிலும் அண்டை வீட்டாராக இருந்தவர்கள்தானா என்று பாருங்கள். குடியேற்றம் கூட்டமாகத்தான் நடந்தது. ஒருவருக்குக் கிடைக்காத ஊர் பெயர் பக்கத்து வயல்காரரின் கல்லறையில் இருக்கும்.

ஜேக்கப் ஐசனாவர் ஹோம்ஸ்டெட் எடுக்கவில்லை, பென்சில்வேனியாப் பண்ணையை விற்ற பணத்தில் வாங்கினார். ஆகவே அவருக்கு ‘ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ்’ ஏடுதான். பிள்ளைகள் மணம் முடித்தபோது ஒவ்வொருவருக்கும் 160 ஏக்கரும் 2,000 டாலரும் கொடுத்தார் என்பது குடும்ப வரலாற்றில் நிலைத்த செய்தி. நம்மூர்த் தான செட்டில்மென்ட் மாதிரிப் பத்திரங்கள் அங்கேயும் உண்டு, ‘அன்பும் பாசமும் ஒரு டாலரும்’ என்று விலை போட்டிருக்கும். தந்தை–மகன் உறவுக்கு அதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. டேவிட் தன் பங்கை மைத்துனரிடம் அடமானம் வைத்து ஹோப் ஊரில் கடை தொடங்கினார். அடமானம் தனி ஏட்டில் பதிவாகும், விற்பனை அட்டவணையில் வராது.

எல்லைக்கல் (#13)

புலஎண் சொன்னதோடு ஒன்று: விற்றவர் அட்டவணையை முதலில் பாருங்கள், வாங்கியவர் அட்டவணையை அல்ல. தந்தை இறந்து சில ஆண்டு கழித்து அண்ணன் தம்பி அக்காள் தங்கை எல்லோரும் துணைவரோடு கையெழுத்திட்டு ஒருவருக்கு எழுதிக்கொடுத்த பத்திரம் அங்கேதான் மாட்டும். அதில் ஒவ்வொருவரும் அப்போது வசித்த கவுண்டியும் எழுதியிருக்கும்.

கல்தச்சன் (#14)

கல்லறைக் கல்லில் வயதை ஆண்டு, மாதம், நாள் என்று வெட்டியிருப்பார்கள். பிறந்த நாளைக் கணக்கிடும்போது பிசகு வரும். மாதிரிக்கு: இறந்தது 10 மார்ச் 1874, வயது 63 ஆண்டு 4 மாதம் 12 நாள். ஆண்டு, மாதம், பிறகு நாள் என்று கழித்தால் 29 அக்டோபர் 1810. நாளை முதலில் கழித்தால் 26 அக்டோபர் 1810. மூன்று நாள் வித்தியாசம், இரண்டும் தவறில்லை. ஆகவே மரத்தில் ‘கல்லிலிருந்து கணக்கிட்டது’ என்று குறித்து, கல்லில் உள்ளதை அப்படியே பக்கத்தில் எழுதுங்கள். சபை ஏட்டில் 27 என்று இருந்தால் அது வேறு ஆள் அல்ல.

ஏட்டுத் தேதியில் இன்னொரு பொறி: ‘7பர்’ என்று இருந்தால் ஜூலை அல்ல, செப்டம்பர். லத்தீனில் ஏழுக்கு செப்டம். 8பர் அக்டோபர், 9பர் நவம்பர், 10பர் டிசம்பர். குரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தில் ‘இ’ எழுத்து ‘என்’ போலிருக்கும், ‘யு’வுக்கு மேலே ஒரு வளைகோடு போடுவார்கள். அந்தக் கோடு இருந்தால் ‘யு’, இல்லாவிட்டால் ‘என்’. முதலில் அதே எழுத்தர் எழுதிய மாதப் பெயர்களை, ஞானத் தாய் தந்தையர் பெயர்களைப் படித்து அவர் கையைப் பழகிக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டிய பெயரிலிருந்து தொடங்கினால் ஆசைதான் எழுத்தைப் படிக்கும்.

வேர்க்கொடி (#15)

அருமை. ஊர் பெயர் கிடைத்தபின்?

கரைகாண் (#16)

1912 மேயர் ஊர்ப்பெயர் அகராதி, இணையத்தில் இலவசம். நோய்ஸ்டாட் போன்ற பெயரில் பல ஊர்கள் உண்டு, பழைய அரசின் பெயரை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஊருக்குச் சொந்தச் சபைக் கோயில் உண்டா என்பதும் அதில் இருக்கும். இல்லையென்றால் பக்கத்து ஊர் ஏட்டில் தேடுங்கள். புரோட்டஸ்டன்ட் சபை ஏடுகளுக்கு ஆர்கியோன் தளம், கட்டணம் உண்டு. கத்தோலிக்க ஏடுகளுக்கு மாட்ரிகுலா தளம், இலவசம். ரைன் ஆற்றின் இடக்கரையில் பிரெஞ்சு ஆட்சியால் 1798 முதலே அரசுப் பதிவு இருக்கிறது. மற்ற இடங்களில் பெரும்பாலும் 1870களில்தான்: பிரஷ்யாவில் 1874 அக்டோபர், ஜெர்மனி முழுக்க 1876 ஜனவரி.

பழங்கணக்கு (#17)

வெஸ்ட்ஃபாலியாவும் ஒஸ்னாப்ரூக் பக்கமும் வந்தால் நின்று பாருங்கள். அங்கே பண்ணைக்குத்தான் பெயர். பண்ணை வாரிசுப் பெண்ணை மணந்து வந்தவர் பண்ணைப் பெயரையே எடுத்துக்கொள்வார், ஏட்டில் ‘கெனான்ட்’, அதாவது ‘என்று அழைக்கப்படும்’ என்று இரு பெயரும் இருக்கும். அமெரிக்கா போன அண்ணன் ஒரு பெயரையும் தம்பி மற்றொன்றையும் வைத்துக்கொண்டது உண்டு. உடன்பிறந்தோர் இருவர் இரு குடும்பமாகத் தெரிவார்கள்.

புதுத்தளிர் (#18)

ஒரே நபருக்கு இரு ஆவணம் முரண்பட்டால் எதை ஏற்பது? டுவைட் ஐசனாவர் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தபோது பிறந்த ஊர் டெக்சஸின் டைலர் என்று கொடுத்திருக்கிறாரே.

ஏடுதேடி (#19)

யார் சொன்னது, சம்பவம் நடந்து எவ்வளவு காலத்துக்குப் பின் சொன்னது என்ற இரண்டையும் பாருங்கள். தான் பிறந்த இடத்துக்குத் தானே கண்ணால் கண்ட சாட்சி ஆக முடியாது. 1890 அக்டோபரில் குடும்பம் டெனிசனில்தான் இருந்தது, பிறகு கைக்குழந்தையோடு கான்சாஸ் திரும்பிவிட்டது. அவருக்குப் பிறப்புச் சான்றிதழே 1952இல்தான் பதிவானது. 62 ஆண்டு கழித்து எழுதிய சான்றிதழை, அரசு முத்திரை இருக்கிறது என்பதற்காகக் குடும்ப பைபிளுக்கு மேலே வைக்கக் கூடாது. பைபிளையும் அப்படியே நம்ப வேண்டாம். முதல் பக்கத்தில் அச்சான ஆண்டைப் பாருங்கள். 1870இல் அச்சிட்ட பைபிளில் 1840 பிறப்பு எழுதியிருந்தால் நினைவிலிருந்து எழுதியது. எல்லாப் பிறப்பும் ஒரே மையில் ஒரே கையில் இருந்தாலும் அப்படித்தான். மை மாறி மாறி, கை நடுங்கத் தொடங்கி எழுதியிருந்தால் அவ்வப்போது எழுதியது.

அவர் பெயரிலும் இதே சிக்கல் உண்டு: பிறந்தபோது வைத்தது டேவிட் டுவைட், பின்னால் முன்பின்னாகிவிட்டது. தேடும்போது இரு வரிசையிலும் தேடுங்கள். மரத்தில் முதலில் வைத்த பெயரை எழுதி, வழங்கிய பெயரை அடுத்த கட்டத்தில் ஏற்றுங்கள்.